சொல்லும்வரை பொறுத்திருந்த கைகள்

எங்கள் மகள் டிலானிக்கு என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு நான் இதுவரை பாதிதான் சொல்லியிருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கு ஒரு பாதி. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கையைப் பிடிப்பவர்களுக்கு இன்னொரு பாதி. அந்தப் பாதிகளை யாரோ ஒட்டிவைத்து, "ஸ்டெல்லா தீர்த்தம் பருக்கி அந்தப் பிள்ளையைக் கெடுத்துப்போட்டா" என்று ஒரு கதையாக்கிவிட்டார்கள். ஒஸ்லோவில் அது உலாவுகிறது. ஸ்டெல்லா அக்கா அதற்குப் பதில் சொல்வதில்லை. அதனால் முழுவதையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். எழுதட்டுமா என்று டிலானியிடம் கேட்டேன். கண்ணை மேலே உயர்த்தினாள். அவளுடைய 'ஓம்' இப்போது அதுதான்.

இதே வருத்தம் வந்த பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை வாசித்துப் பயப்பட வேண்டாம். அநேகம் பேர் எழுந்து நடக்கிறார்கள் என்று மருத்துவர்களே சொன்னார்கள். என் மகள் அந்த அநேகம் பேரில் ஒருத்தி இல்லை, அவ்வளவுதான்.

அவள் அப்போது ஆசிரியர் கல்லூரியில் கடைசி வருடம். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் எங்களோடு மாடி வீட்டில்தான் இருந்தாள். ஒரு காலையில் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது சீப்பு கையிலிருந்து விழுந்தது. எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. "கையிலை படுத்திட்டன் போலை" என்று சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போனாள். பின்னேரம் மெட்ரோ நிலையத்திலிருந்து தகப்பனுக்குப் போன் எடுத்து, படி ஏறக் கால் வரவில்லை என்றாள்.

அவசர சிகிச்சை நிலையத்தில் இருமும் பிள்ளைகளுக்கும் பனியில் சறுக்கி விழுந்தவர்களுக்கும் நடுவே காத்திருந்தோம். எங்கள் இலக்கம் வந்தபோது அவளால் எழும்ப முடியவில்லை. அதன்பிறகு எதற்கும் காத்திருக்கவே விடவில்லை. அதுதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது. இந்த நாட்டில் உடனே பார்க்கிறார்கள் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

சுரங்கம் போன்ற இயந்திரத்துக்குள் அவளைப் படுக்க வைத்துக் கழுத்தைப் படம் பிடித்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மருத்துவர் நின்று நிதானமாகத்தான் விளக்கினார். ஆனால் அன்று எனக்கு நோர்வீஜிய மொழி முழுவதும் மறந்துபோய்விட்டது. இத்தனை வருடம் சிறுவர் பாடசாலையில் அந்த மொழியில் வேலை செய்தவள் நான். தாழ்வாரத்தில் நானும் கணவரும் தமிழில் தடுமாறுவதைக் கேட்டு ஓர் இளைஞன் நின்றான். தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கே ஆய்வுகூடத்தில் வேலை செய்பவனாம்.

"அம்மா, கழுத்து வழியா தண்டுவடம்னு ஒண்ணு போகுதில்ல, மூளையிலேர்ந்து கை காலுக்கு சேதி கொண்டுபோறது. அதுல வீக்கம். உடம்போட காவல் படையே தப்பா நெனச்சு அதை அடிக்குது. மருந்து குடுத்து அடக்கப் பார்ப்பாங்க."

"ஏன் தம்பி வந்தது?"

"காரணம் பல சமயம் தெரியாதும்மா. சாதாரண ஜலதோஷத்துக்கு அப்புறம்கூட வரும்."

அவன் போனபிறகு என் கணவர், "அவளுக்குப் போன மாதம் தடிமன் வந்ததெல்லே?" என்று கேட்டார். வந்ததுதான். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் மாறிவிட்டது.

மருந்துகள் ஏறின. இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றினார்கள். வீக்கம் அடங்காமல் மேலே ஏறி மூளையின் அடிப்பாகத்தைத் தொட்டது. மூச்சு விடும் தசைகள் களைத்தன. கழுத்தின் முன்புறம் ஒரு துளை போட்டு, அதில் குழாய் வைத்து, இயந்திரத்தோடு இணைத்தார்கள். சளியைத் தானாக இருமித் துப்ப அவளுக்கு முடியாது. அந்தக் குழாய் வழியாக மெல்லிய இன்னொரு குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு அடைக்கும். பகலும் இரவும் அதுதான் வேலை. உறிஞ்சும் அந்தச் சத்தம், வீட்டில் கடைசிச் சொட்டுப் பழச்சாற்றை ஸ்ட்ரோவால் இழுக்கும் பிள்ளையின் சத்தம் போல இருக்கும். இப்போதும் எங்கேயாவது அப்படிக் கேட்டால் எழும்பி நின்றுவிடுகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் காத்திருப்பு அறையில் குளிர்காலம் முழுவதும் இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தவர்கள் எவ்வளவு காசு முடிந்தது என்று கேட்டார்கள். இஞ்சை பில் வாறேல்லை என்றதும் அவர்களுக்கு நிம்மதி, பாதி வருத்தம் மாறியது போல. கோயில் ஆட்கள் இடியப்பமும் சொதியும் கொண்டுவருவார்கள். என் கணவருக்குத் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. வேலை முடிந்து அந்த வேலை ஜாக்கெட்டோடேயே வந்து, ஹீட்டரில் இரண்டு கையையும் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் மகளின் பாதத்தைப் பிடிப்பார்.

"அவளுக்கு அது தெரியாதப்பா" என்றேன் ஒருநாள்.

"எனக்குத் தெரியும்தானே" என்றார்.

பனி கரைந்தபோது கொஞ்சம் முன்னேற்றம் வந்தது. பகலில் இயந்திரம் இல்லாமல் மூச்சு விட்டாள். குழாயில் ஒரு சிறு மூடியைப் போட்டால் நூல் போன்ற குரலில் பேசினாள். கைகால்கள் வரவில்லை. மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே விழுங்கும் பரிசோதனை செய்தார்கள். நீலச் சாயம் கலந்த தண்ணீர் சில துளி நாக்கில் விட்டார்கள். பிறகு கழுத்துக் குழாயை உறிஞ்சினார்கள். நீலமாக வந்தது. அதாவது விழுங்குவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகிறது. வயிற்றில் வைத்த குழாயால்தான் இனி உணவு. வாயால் ஒன்றும் கூடாது, தண்ணீரும் கூடாது. அவளுடைய கட்டிலின் மேல் அதை எழுதி ஒட்டினார்கள்.

பசியைப் பற்றி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தண்ணீரைப் பற்றித்தான் சொல்வாள். யாராவது முகம் கழுவக் குழாயைத் திறந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டைத் தடவலாம் என்று அனுமதி இருந்தது. "அம்மா, பிழியாமல் வையுங்கோ" என்பாள். நான் பிழிந்துதான் வைப்பேன்.

வீட்டுக்குப் போவதா, இல்லையா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. இரண்டு வழிதான் இருந்தன. ஒன்று, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஓர் அறை. மற்றது, இங்குள்ளவர்கள் பே-பே-ஆ என்று சொல்லும் திட்டம். மாநகரப் பகுதி அலுவலகம் சம்பளம் கொடுக்கும். நோயாளி தானே உதவியாளர்களைத் தெரிந்தெடுத்து, தன் வீட்டில், தான் சொல்கிறபடி வேலை வாங்க வேண்டும். நோயாளிதான் 'லேடர்', தலைவர். உதவியாளர்கள் அவளுடைய கைகள். தலை அவளுடையது.

டிலானி அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கட்டடத்திலேயே கீழ்த் தளத்தில் ஒரு சிறிய வீடு கிடைக்கும் போலிருந்தது. ஆனால் போதிய உதவியாளர்கள் பயிற்சி முடித்து, மருத்துவமனை சரி என்று சொன்னால்தான் விடுவார்கள். நான் வேலையை விட்டுவிட்டு நானே பார்க்கிறேன் என்றேன்.

"வேண்டாம் அம்மா. நீங்கள் அம்மாவா இருங்கோ. எனக்கு அதுக்கு வேறை ஆளில்லை."

மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில், சக்கர நாற்காலியில் இருந்தபடி அவளே நேர்முகம் நடத்தினாள். இங்ரிட் என்ற பல்கலைக்கழக மாணவியை எடுத்தாள். இன்னும் இரண்டு நோர்வீஜியப் பெண்களை எடுத்தாள். பிறகு ஸ்டெல்லா அக்கா வந்தார், கோயிலுக்குப் போகும் சேலையோடு.

ஸ்டெல்லா அக்கா மன்னார்ப் பக்கம். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் பல வருடம் நின்றுவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. எங்களுக்கு உறவில்லை, ஆனால் டிலானி பிறந்த நாளிலிருந்து தெரியும். என்னை பிலோ என்றுதான் கூப்பிடுவார்.

"அன்ரி, ஏன் இந்த வேலைக்கு வாறியள்?" என்று டிலானி மற்றவர்களிடம் கேட்டது போலவே கேட்டாள்.

"இதென்ன கேள்வி பிள்ளை. நீ கோயிலிலை முதல்நன்மை வாங்கேக்கை சட்டை தைச்சது ஆர்?"

"அது வேலைக்குக் காரணமில்லை அன்ரி."

"கூட்டித் துடைச்சு முழங்கால் போட்டுது. அது காணுமோ?"

"அது காணும்" என்றாள் டிலானி. நூல் குரலில் சிரித்தாள். நான் அவள் சிரித்ததைக் கண்டு நெடுநாள்.

பயிற்சி கொடுத்தவர் ஹில்டே என்ற மூத்த தாதி. முதலில் பொம்மை. கழுத்தில் துளையுள்ள ரப்பர் பொம்மையில் குழாயை விட்டு, சளியை உறிஞ்சி, தங்கள் மூச்சை அடக்கிக்கொண்டே செய்யப் பழக வேண்டும். தனக்கு மூச்சு முட்டும்போது அவளுக்கும் முட்டும், உடனே வெளியே எடு என்பதற்காக அப்படி. இயந்திரம் நின்றால் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை. புண் வராமல் உடம்பைத் திருப்புவது. நிமிர்த்தி வைத்துத்தான் வயிற்றுக் குழாயில் உணவு விடுவது. ஸ்டெல்லா அக்கா குழாயைக் கையில் எடுத்தார். பொம்மையிடம், "கொஞ்சம் பொறு ராசாத்தி, முடிஞ்சுது" என்றார். என்ன சொல்கிறார் என்று ஹில்டே கேட்க, இங்ரிட், "பொம்மையிடம் அனுமதி கேட்கிறார்" என்றாள். அவள் ஊகித்ததுதான்.

ஒருநாள் உதவியாளர்களையே கட்டிலில் படுக்க வைத்தார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது. இன்னொருவர் பல் துலக்கி, முகம் துடைத்து, சட்டை மாற்றுவார். ஸ்டெல்லா அக்காவுக்கு இங்ரிட் பல் துலக்கினாள். எழும்பியதும் ஹில்டே, "என்ன வேண்டும் போலிருந்தது?" என்று கேட்டார்.

"மூக்குக் கடிச்சது" என்றார் ஸ்டெல்லா அக்கா. மூக்கு அரித்ததாம் என்று நான் மொழிபெயர்த்தேன். "இந்தப் பெட்டை அன்பா அன்பா கன்னத்தைத் துடைக்குது. எனக்கு மூக்கு."

ஹில்டே சிரிக்கவில்லை. "அதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு நல்லது என்று தோன்றுவதை அல்ல, அவள் சொல்வதைச் செய்யுங்கள். சொல்லும்வரை பொறுங்கள்."

ஸ்டெல்லா அக்காவுக்கு முடியாதது அதுதான். டிலானியின் அறைக்குள் வந்தவுடன் தலையணையைத் தட்டிப் போடுவார், போர்வையை இழுத்து மூடுவார், எண்ணெய் வைத்துத் தலை இழுப்பார், யன்னலைச் சாத்துவார்.

"அன்ரி, நான் சொல்லேல்லையே."

"இதுக்கெல்லாம் சொல்லவேணுமோ பிள்ளை?"

எங்கள் ஆட்களுக்குள் கேட்டுச் செய்வது அன்பில்லாதவன் செய்கிற வேலை. விருந்தாளியிடம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறவள் சாப்பாடு வைக்க மனமில்லாதவள். ஸ்டெல்லா அக்கா பிழையாக ஒன்றும் செய்யவில்லை, எங்கள் கணக்குப்படி. டிலானியும் அப்படியே வளர்ந்தவள்தான். இங்ரிட்டிடம், "காலை இடப்பக்கம் திருப்பு, இன்னும், போதும்" என்று அளந்து சொல்வாள். ஸ்டெல்லா அக்கா வந்தால், "அன்ரி, ஏலுமெண்டால், உங்களுக்கு வேறை வேலை இல்லையெண்டால்…" என்று தொடங்குவாள். அதற்குள் அவர் வேறு ஏதோ செய்து முடித்திருப்பார்.

ஹில்டே இதைக் கவனித்தார். "ஸ்டெல்லா பொறுக்கப் பழக வேண்டும். நீ கட்டளையிடப் பழக வேண்டும். இல்லையென்றால் உன் வாழ்க்கையை ஸ்டெல்லாதான் வாழ்வார்."

"என் முதல்நன்மைச் சட்டையைத் தைத்தவரிடம் எப்படிக் கட்டளையிடுவது?" என்று டிலானி கேட்டாள்.

"அதை நான் உனக்குக் கற்பிக்க முடியாது" என்றார் ஹில்டே.

ஸ்டெல்லா அக்கா தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் இருப்பார். போர்வை விலகினால் அவருடைய தோள் துடிக்கும். கை வராது. அப்படி இருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், பாவமாகவும் இருக்கும். ஒருநாள் டிலானி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்ரி, கால்" என்றாள். ஏலுமெண்டால் இல்லை, ஒன்றுமில்லை. ஸ்டெல்லா அக்கா எழும்பிக் காலைத் திருப்பிவிட்டு, மறுபடியும் போய்க் கையின் மேல் உட்கார்ந்தார்.

"இப்ப சந்தோசமோ, முதலாளி அம்மா?"

"ஓம்" என்றாள் டிலானி.

பயிற்சியின் கடைசி நாளில் ஹில்டே இன்னொன்றும் சொன்னார். ஆபத்து வருமென்றால் உதவியாளர் மறுக்கலாம், மறுக்க வேண்டும், உடனே மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் பயிற்சி முழுவதும் கீழ்ப்படியப் பழக்கியது. மறுக்கப் பழக்கியது அந்த ஒரு பிற்பகல் மட்டும்.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு வார இறுதி வெள்ளோட்டம் பார்க்கச் சொன்னார்கள். கீழ்த் தளத்து வீடு இன்னும் கைக்கு வரவில்லை. எங்கள் வரவேற்பறையில் கட்டிலும் இயந்திரமும் வைத்தோம். சனிக்கிழமை மதியம். இங்ரிட் காலை முறை முடித்துப் போய்விட்டாள், ஸ்டெல்லா அக்கா வந்திருந்தார். நான் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தேன். கணவர் கடைத்தொகுதிக்குப் போயிருந்தார். உள்ளே இருவரும் மெல்லக் கதைக்கும் சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க வேண்டாம் என்பது டிலானியின் முதல் விதி.

பிறகு உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தம். நிற்காமல், திரும்பத் திரும்ப. போய்ப் பார்த்தபோது ஸ்டெல்லா அக்கா சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார், கையுறை போட்டு, மூச்சை அடக்கி. டிலானியின் முகம் சிவந்திருந்தது. மேசையில் ஒரு தேக்கரண்டி. அதன் பக்கத்தில் மாதா உருவத்தில் செய்த அந்த பிளாஸ்டிக் போத்தல், நீலக் கிரீடமே மூடியாக வைத்தது. லூர்து யாத்திரைக்குப் போய்வரும் எல்லோருடைய கைப்பையிலும் இருப்பதுதான்.

"அக்கா, தீர்த்தம் குடுத்தனீங்களோ?"

"ஓம் பிலோ. நான்தான் குடுத்தனான்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னவையெல்லே. வாயாலை ஒண்டும் கூடாதெண்டு. உங்கடை பக்திக்கு என்ரை பிள்ளையோ கிடைச்சது?"

அவர் மறுபடியும் மூச்சை அடக்கி உறிஞ்சினார். டிலானி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இருமலில் குரல் வரவில்லை.

மறுநாள் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் நாங்கள் அறிந்த அதே தீவிர சிகிச்சைப் பிரிவு, அதே ஹீட்டர். படத்தில் நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. கறுப்பாக இருந்தால்தான் காற்று என்று மருத்துவர் விளக்கினார். இப்படிக் கிருமி பிடித்தால் உயிர் போகலாம் என்றார். போகவில்லை. ஆனால் இயந்திரத்தைக் கழற்ற முயன்றபோதெல்லாம் அவள் களைத்தாள். இனிப் பகலிலும் இயந்திரம்தான் என்றானது. பேசும் மூடியைப் போட முடியவில்லை. அந்த நூல் குரலும் போயிற்று. கண்ணாடிப் பலகை ஒன்றில் எழுத்துகள் வரிசையாக இருக்கும். நாங்கள் விரலால் காட்டிக்கொண்டு போக, சரியான எழுத்து வரும்போது அவள் கண்ணை உயர்த்துவாள். நோர்வீஜிய எழுத்துகள். தமிழுக்கு அப்படி ஒரு பலகை இல்லை.

கோயிலில் கதை அதற்குள் பரவியிருந்தது. பரப்பியவர்களில் எனக்குத் தெரிந்து முதல் ஆள் என் கணவர். கோபத்தில் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நிலைமை கொஞ்சம் அடங்கியபின் கூட்டம் வைத்தார்கள். பகுதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண், மருத்துவர், ஹில்டே, நாங்கள், நாற்காலியில் டிலானி. அலுவலகப் பெண் நல்லவர். எங்களுக்கு உதவவே வந்தவர். ஓர் உதவியாளர் தன் மதநம்பிக்கையால் விதியை மீறியிருக்கிறார், அவரை நீக்கிவிட்டோம், டிலானி தலைவராக நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறாள், அவருக்குப் பதில் வேறொருவரைப் பழக்கினால் பனிக்கு முன் வீட்டுக்குப் போகலாம் என்றார். என் கணவர் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தார். சூடாக இருந்தது.

அப்போது டிலானி பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹில்டே எழும்பிப் போய் அதை எடுத்தார். விரல் நகர நகர ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். நான்காவது எழுத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அறையில் இருந்த மற்றவர்களுக்கும் ஒரு கணத்தில் விளங்கியிருக்கும். ஆனாலும் ஹில்டே கடைசி எழுத்துவரை போனார்.

'நான்தான் கேட்டேன்.'

"நீ சொல்வது என்னவென்று உனக்கு விளங்குகிறதா?" என்று அலுவலகப் பெண் மெல்லக் கேட்டார். கேட்காமலே விட்டிருக்கலாம். டிலானி கண்ணை உயர்த்தினாள். ஒருமுறை போதும். அவள் இரண்டுமுறை உயர்த்தினாள்.

அந்தப் பெண் பேனையை மூடிவைத்தார். தன்னுடைய உயிருக்கு ஆபத்தானதைக் கேட்டு வாங்குகிறவர் தலைவராக இருக்க முடியுமா என்று மறுபடியும் மதிப்பிட வேண்டிவரும் என்றார். அப்படியென்றால் தாய் தலைமை எடுக்கலாமா என்று என் கணவர் கேட்டார். டிலானி கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் முடியும்வரை திறக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் ஸ்டெல்லா அக்கா இருந்தார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அவ்வளவு நாளும் கதவுக்கு வெளியே வந்து இருந்துவிட்டுப் போயிருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

"சொல்லிப்போட்டாளோ?" என்று கேட்டார்.

"நீங்கள் ஏன் சொல்லேல்லை அக்கா?"

"சொன்னால் பிள்ளையை வீட்டை போக விடாங்களெண்டு தெரியும்தானே."

பிறகு அவரே சொன்னார். "'அன்ரி, தண்ணி' எண்டவ. நான் கைக்கு மேலை இருந்தனான் பிலோ. எழும்பேல்லை. 'இது நான் சொல்லுறது' எண்டவ. என்ரை பையிலை இருந்தது அந்தத் தண்ணிதான். மாதாவின்ரை தண்ணியெண்டால் சேதம் செய்யாதெண்டு நினைச்சன்."

"ஒரு கரண்டியோ?"

"கேக்கக் கேக்கக் குடுத்தனான். அப்பிடி ஒரு முகம் நான் கண்டதில்லை."

அன்று பின்னேரம் டிலானியிடம், ஏன் பிள்ளை, பேசாமல் இருந்திருந்தால் வீட்டுக்கு வந்திருக்கலாமே என்றேன். அழுதுகொண்டுதான் கேட்டேன். பலகையைப் பிடித்தேன். ஐந்தே எழுத்து. 'லேடர்' என்று வந்தது.

அதன்பிறகு முறையீடு செய்தோம், மறுத்தார்கள். பகலும் இரவும் இயந்திரம் தேவைப்படுபவருக்கு வீடு பாதுகாப்பில்லை என்பதுதான் முடிவு. இப்போது அவள் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். அவளுடைய தாழ்வாரத்தில் மற்ற எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். வாரத்தில் ஒருநாள் வாபல் என்ற இனிப்பு அப்பம் சுடுவார்கள். அந்த வாசனை அவளுடைய அறைக்குள்ளும் வரும், கதவைச் சாத்தச் சொல்லிக் கண்ணால் காட்டுவாள். அங்குள்ளவர்கள் கெட்டவர்கள் இல்லை, நேரம் இல்லாதவர்கள். முகம் அடிக்கடி மாறும். பலகையைப் பிடிக்கப் பொறுமை உள்ளவர்கள் சிலர்தான். மற்றவர்கள் அவளுக்கு நல்லது என்று தோன்றுவதைச் செய்துவிட்டுப் போகிறார்கள், அன்பாகத்தான். மூக்குக் கடித்தால் கடிக்கும். ஒவ்வொரு கிருமிக்குப் பிறகும் நுரையீரல் கொஞ்சம் குறையும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கீழ்த் தளத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மின்தூக்கிக்கு நிற்கும்போது அவர்களுடைய கதவைப் பார்க்காமல் நிற்கப் பழகிக்கொண்டேன்.

ஸ்டெல்லா அக்கா ஞாயிறு பூசை முடிந்து நேரே வருவார். சம்பளமில்லை, பதவியுமில்லை, பார்க்க வருகிறவர். கதிரையை இழுத்துப் போட்டு, கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்காருவார். டிலானி உதட்டைக் காட்டினால் எழும்பிப் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, தடவுவார். திரும்பப் போய் உட்காருவார். போர்வை விலகிக் கிடந்தாலும் தொடமாட்டார். ஹில்டே பார்த்தால் சந்தோசப்படுவார்.

கடைசியில் டிலானி பலகையைப் பார்ப்பாள். நான் பிடிப்பேன். நான்கு எழுத்துகள்தான். ஸ்டெல்லா அக்காவுக்கு நோர்வீஜிய வாசிப்பு அவ்வளவு வராது, அந்தச் சொல் மட்டும் தெரியும். தண்ணீர்.

"இது கட்டளையோ முதலாளி அம்மா?" என்று கேட்பார்.

டிலானி கண்ணை உயர்த்துவாள்.

"ஏலாது பிள்ளை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டெல்லா அக்கா அந்த இடத்திலிருந்து எழும்பாமல், தோள் இரண்டும் துடிக்க, தன்னுடைய கைகளின் மேல் தன் பாரம் முழுவதையும் வைத்து உட்கார்ந்திருக்கிறார்.